நீதி, அமைதி, படைப்பின் பாதுகாப்பு: கிழக்கு ஜெர்மனியின் லூத்தரன் வாலிபர்கள் சொல்லித் தரும் பாடம்

(வாலிபர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினரான லூத்தரன் சபையின் வாலிபர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் மேடையில் அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆயுதம் இல்லை, பணம் இல்லை, பத்திரிகை இல்லை, ஆட்சியில் பங்கு இல்லை என்ற நிலையில் இருக்கும் ஒரு மக்கள் கூட்டம் தன் உரிமைக்காக எப்படி நிற்பது என்ற கேள்விக்கு அவர்களுடைய வரலாற்றில் விடை இருக்கிறது. நல்ல பாடம் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

யார் இந்த லூத்தரன் சபையினர்?

1517ல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் என்ற துறவி, பணம் வாங்கிக்கொண்டு பாவமன்னிப்புச் சீட்டு விற்பதை எதிர்த்து 95 கருத்துகளை வெளியிட்டார். அவர் வழி வந்தவர்களே லூத்தரன் சபையினர். நம் தமிழ்நாட்டுக்கும் இவர்கள் அந்நியர் அல்லர். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் படித்து, தமிழில் அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்க் இந்த சபையைச் சேர்ந்தவர்தான். அவர் பிறந்த புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூர், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ளது. நான் சொல்லப் போகும் வரலாறும் பெரும்பாலும் அதே சாக்சனியில் நடந்ததுதான்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிளந்தது. லூதர் பிறந்த ஊரும், அவர் போதித்த ஊரும், சாக்சனியும் 1949ல் உருவான கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட்டன. சுமார் 1 கோடியே 60 லட்சம் மக்கள் வாழ்ந்த நாடு அது. ஒரே கட்சியின் ஆட்சி. எல்லாப் பத்திரிகையும் அரசின் கையில். வீதிக்கு வீதி, வீட்டுக்கு வீடு உளவு பார்க்க 'ஸ்டாசி' என்ற ரகசியப் போலீஸ்.

கடவுள் நம்பிக்கை பழமைவாதம் என்று பள்ளியில் கற்றுக் கொடுத்தார்கள். தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு நடக்கும் திடப்படுத்தும் சடங்குக்குப் போட்டியாக 1954ல் அரசே ஒரு 'இளைஞர் சடங்கை' ஏற்படுத்தியது. அதில் கலந்துகொள்ளாத பிள்ளைக்கு மேற்படிப்பு கிடைப்பது அரிதாயிற்று. விளைவு என்ன? ஒரு தலைமுறைக்குள் பெரும்பான்மையாக இருந்த சபை சிறுபான்மையாகிவிட்டது.

சிந்தித்துப் பாருங்கள்! தங்கள் சொந்த மண்ணில், தங்கள் பாட்டன் முப்பாட்டன் கட்டிய ஆலயங்களுக்குள்ளேயே சந்தேகப் பார்வையோடு வாழ வேண்டிய நிலை. இந்த நிலையில் அந்த வாலிபர்கள் என்ன செய்தார்கள்?

துணியில் அச்சடித்த சின்னம்

1962ல் அங்கே கட்டாய ராணுவ சேவை வந்தது. ஆயுதம் தொடமாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்தவர்களுக்காக சபைகள் வாதாடின. 1964ல் அரசு இறங்கி வந்து, ஆயுதம் ஏந்தாமல் ராணுவத்தில் கட்டட வேலை செய்யும் பிரிவை ஏற்படுத்தியது. ஆனால் அதில் சேர்ந்த வாலிபர்கள் பலருக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைக்கப்பட்டது. 1978ல் 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ராணுவப் பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். சபைகள் ஆட்சேபித்தன. அரசு கேட்கவில்லை.

அப்போதுதான் சாக்சனி லூத்தரன் சபையின் வாலிபர் பணிக்குப் பொறுப்பாக இருந்த போதகர் ஹரால்ட் பிரெட்ஷ்னைடர் ஒரு யோசனை செய்தார். ஒரு மனிதன் வாளைச் சம்மட்டியால் அடித்துக் கலப்பைக் கொழுவாக மாற்றும் சிலை ஒன்று உண்டு. அது 1959ல் சோவியத் யூனியனே ஐக்கிய நாடுகள் சபைக்குப் பரிசாகக் கொடுத்த சிலை. அதன் கருத்து, தீர்க்கதரிசி மீகாவின் பெயரால் பைபிளில் உள்ள நூலில் வருவது. அந்தச் சிலையின் படத்தையே சின்னமாக எடுத்துக்கொண்டார். சோவியத் நாடு கொடுத்த சிலையைத் தவறு என்று கம்யூனிஸ்ட் அரசு எப்படிச் சொல்லும்?

காகிதத்தில் அச்சடிக்க அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காது. துணியில் அச்சடிப்பதோ ஜவுளி வேலை என்ற கணக்கில் வரும். அதற்கு அச்சு அனுமதி தேவையில்லை. ஆகவே 1980ல் துணியில் அச்சடித்தார்கள். ஜவுளி வியாபாரிகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சட்டத்தை மீறாமல், சட்டத்தில் இருந்த வாசலைத் தேடிக் கண்டுபிடித்த சாமர்த்தியத்தை நீங்கள் நன்றாகவே ரசிப்பீர்கள்.

1981ல் சுமார் 1 லட்சம் சின்னங்கள் பரவின. வாலிபர்கள் சட்டைக் கையில் தைத்துக்கொண்டார்கள். அரசு மிரண்டது. சின்னம் அணிந்த மாணவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தொழிற்பயிற்சி மறுக்கப்பட்டது. போலீசார் நடுத்தெருவில் நிறுத்தி, சின்னத்தைச் சட்டையோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். வாலிபர்கள் கல்லெறிந்தார்களா? இல்லை. வெட்டிய ஓட்டையோடேயே சட்டையை அணிந்து நடந்தார்கள். சின்னத்தைவிட அந்த ஓட்டை அதிகம் பேசியது!

1982 பிப்ரவரி 13. டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் அழிந்த நினைவு நாள். அங்குள்ள கிராய்ஸ் தேவாலயத்தில் சுமார் 5,000 வாலிபர்கள் கூடினார்கள். பின்னர் பலர் மெழுகுவர்த்தி ஏந்தி, இடிந்து கிடந்த ஃப்ராவன் தேவாலயத்துக்கு நடந்தார்கள். 1983 செப்டம்பரில், லூதரின் ஊரான விட்டன்பர்க்கில், போதகர் ஃப்ரீட்ரிஷ் ஷோர்லெம்மர் ஏற்பாட்டில் ஒரு கொல்லர் நிஜமான வாளை எல்லோர் முன்னிலையிலும் நெருப்பில் இட்டு கலப்பைக் கொழுவாக அடித்தார். மேற்கிலிருந்து முக்கிய விருந்தினர்கள் வந்திருந்ததால் போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஒரு மார்க் கொடுங்கள், கையெழுத்துப் போடுங்கள்!

அமைதியைப் பற்றிச் சொன்னேன். இனி படைப்பைப் பாதுகாப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

கிழக்கு ஜெர்மனி பழுப்பு நிலக்கரியை நம்பிய நாடு. 1980களில் ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டன் வெட்டி எடுத்தார்கள். லைப்சிக் நகருக்குத் தெற்கே எஸ்பன்ஹைன் என்ற இடத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து நிலக்கரி ஆலை ஒன்று கந்தகப் புகையையும் சாம்பலையும் கக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த மெல்பிஸ் கிராமத்தில் துணி காயப்போட முடியாது. ஜன்னல் திறக்க முடியாது. குழந்தைகளுக்கு இருமல் ஓயாது. மக்கள் முறையிட்டால் பதில் இல்லை. 1982ல் சுற்றுச்சூழல் பற்றிய புள்ளிவிவரங்களையே அரசு ரகசியமாக்கிவிட்டது. நோய் இருக்கிறது என்று சொல்வதே குற்றமாயிற்று!

பக்கத்து ஊரான ரேதாவில் போதகர் வால்டர் கிறிஸ்டியான் ஸ்டைன்பாக் என்பவரும் வாலிபர்களும் 'கிறிஸ்தவ சுற்றுச்சூழல் வகுப்பு' ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். ஆலையைச் சீர்படுத்தக் கோரி கையெழுத்து இயக்கம் நடத்த நினைத்தார்கள். ஆனால் அரசுக்கு எதிராகக் கையெழுத்து வாங்குவது ஆபத்தான காரியம். சபைக்கு நன்கொடை வசூலிப்பதோ அனுமதிக்கப்பட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? 'எஸ்பன்ஹைனுக்கு ஒரு மார்க்' என்று வசூல் தொடங்கினார்கள். ஆலையைச் சீர்படுத்த ஒவ்வொருவரும் 1 மார்க் தரலாம். பணம் கொடுத்தால் ரசீது வேண்டாமா? ரசீது என்றால் பெயரும் கையெழுத்தும் வேண்டாமா?

1980களின் இறுதியில் நடந்த இந்த வசூலில் சுமார் 1 லட்சம் பேர் ஆளுக்கு 1 மார்க் கொடுத்துக் கையெழுத்திட்டார்கள். 1 மார்க் பெரிய தொகையல்ல. ஆனால் தன் பெயரை எழுதித் தருவது அந்த நாட்டில் பெரிய காரியம். பயத்தை உடைக்க வேண்டுமானால், சாதாரண மனிதன் எடுத்து வைக்கக்கூடிய அளவுக்குச் சிறிய அடியாக முதல் அடி இருக்க வேண்டும். இதை அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

லைப்சிக் நகரின் நடுவே ஓடிய ப்ளைஸெ ஆறு, ஆலைக் கழிவால் நாறிப்போனதால், 1950களில் அதன் நகரப் பகுதியைக் குழாய்க்குள் மூடிவிட்டார்கள். ஆற்றைச் சுத்தம் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் புதைத்தார்கள்! 1988 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, சுமார் 200 பேர் அந்த ஆற்றின் வழியே நினைவு ஊர்வலம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு அதே ஊர்வலத்துக்குத் தடை போடப்பட்டது. மீறி வந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

மூன்றும் ஒன்றுதான்

இந்தக் காலத்தில் உலகச் சபைகளின் மன்றம் 1983ல் கனடாவின் வான்கூவர் மாநாட்டில் நீதி, அமைதி, படைப்பின் பாதுகாப்பு என்ற மூன்றையும் ஒன்றாக இணைத்து ஓர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. கிழக்கு ஜெர்மனியில் 19 சபைகளும் சமயக் குழுக்களும் சேர்ந்து, 1988 பிப்ரவரியில் டிரெஸ்டனிலும், அக்டோபரில் மாக்டபர்க்கிலும், 1989 ஏப்ரலில் மீண்டும் டிரெஸ்டனிலும் கூடிப் பேசின. உங்களுடைய கவலை என்ன என்று முன்கூட்டியே மக்களிடம் கேட்டார்கள். 10,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன! முடிவில் 12 அறிக்கைகள் நிறைவேறின. அவற்றில் ஒன்று சொந்த நாட்டிலேயே நீதி வேண்டும் என்று கேட்டது.

மூன்றையும் ஏன் இணைத்தார்கள்? அனுபவம் கற்றுத் தந்தது. புகையைப் பற்றிப் பேசப் போனால் உண்மையைச் சொல்லும் உரிமை இல்லை. உரிமையைக் கேட்டால் போலீஸ் வருகிறது. போலீசுக்கும் ராணுவத்துக்கும் கொட்டும் பணம் ஆலைக்கு வடிகட்டி வாங்க மிஞ்சுவதில்லை. நீதி இல்லாத இடத்தில் அமைதி என்பது வெறும் மௌனம். அந்த மௌனத்தில்தான் ஆறும் காற்றும் சாகின்றன.

ஏழு ஆண்டுத் திங்கட்கிழமைகள்

இனி லைப்சிக் நகரின் நிக்கோலாய் தேவாலயத்துக்கு வருவோம். 1982 செப்டம்பர் முதல் அங்கே ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலை 5 மணிக்கு அமைதிக்கான பிரார்த்தனை நடந்தது. போதகர் கிறிஸ்டியான் ஃப்யூரர். வாசலில் ஒரு பலகை: எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சபையைச் சேர்ந்தவர், சேராதவர், கடவுளையே நம்பாதவர் என்று யாரையும் தடுக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் சில வாரங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். ஆனாலும் நிறுத்தவில்லை. கூட்டம் வரவில்லையே என்று அடுத்த வாரமே இயக்கத்தைக் கலைத்துவிடும் நமக்கு இது ஒரு பாடம் அல்லவா?

எல்லாம் சுமுகமாகப் போயிற்று என்று நினைக்காதீர்கள். உள்ளுக்குள்ளும் சண்டை இருந்தது. வாலிபர் குழுக்களின் பேச்சில் சூடு அதிகம் என்று அரசு சபைத் தலைமையை நெருக்கியது. 1988ல், திங்கட்கிழமைப் பிரார்த்தனையை வாலிபர் குழுக்கள் பொறுப்பேற்று நடத்தக்கூடாது என்று பெரியவர்கள் தடை விதித்தார்கள். ஆலயம் இருந்தால்தானே பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும் என்பது பெரியவர்களின் கவலை. அநியாயத்தைச் சொல்லாத ஆலயம் எதற்கு என்பது வாலிபர்களின் கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. வாலிபர்கள் ஆலயத்தை விட்டு ஓடிப்போய்த் தனிக்கடை திறக்கவில்லை. வாசலில் நின்று வாதாடினார்கள். பெரியவர்களும் கதவை நிரந்தரமாக அடைக்கவில்லை. 1989 ஏப்ரலில் அந்தக் குழுக்களுக்குப் பொறுப்பு மீண்டும் கிடைத்தது. பெரியவர்களும் வாலிபர்களும் ஒருவரை ஒருவர் துரோகி என்று தூற்றிக்கொள்ளும் எந்த சமுதாயமும் இந்தச் சம்பவத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

1989 மே 7ல் உள்ளாட்சித் தேர்தல். 98.85 சதவீதம் பேர் அரசை ஆதரித்து வாக்களித்ததாக அறிவித்தார்கள். ஆனால் பல நகரங்களில் சபை சார்ந்த குழுக்கள் வாக்குச்சாவடியில் நின்று எண்ணிக் கணக்கு வைத்திருந்தன. கணக்கு இடித்தது. பொய் அம்பலமாயிற்று! வியாபாரிகளே, கணக்குப் புத்தகத்தின் வலிமை உங்களுக்குத் தெரியும். கோஷம் போடுபவனை அரசு எளிதாக அடக்கிவிடும். கணக்கு வைத்திருப்பவனுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மே மாதத்திலிருந்து திங்கட்கிழமைகளில் ஆலயத்துக்குச் செல்லும் தெருக்களைப் போலீஸ் அடைத்தது. கூட்டம் கூடியது. செப்டம்பர் 4ல், சர்வதேச வர்த்தகச் சந்தைக்காக வெளிநாட்டு நிருபர்கள் வந்திருந்த நேரம், பிரார்த்தனை முடிந்து வெளியே வந்த வாலிபர்கள், திறந்த நாடும் சுதந்திர மனிதர்களும் வேண்டும் என்ற பதாகையை விரித்தார்கள். ரகசியப் போலீசார் பாய்ந்து கிழித்ததைக் கேமராக்கள் உலகுக்குக் காட்டின. அடுத்த வாரம் பலர் கைதானார்கள். மக்கள் அவர்களின் பெயர்களை எழுதி, ஆலய ஜன்னல் கம்பிகளில் பூக்களைச் செருகி, கீழே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

அக்டோபர் 9

1989 அக்டோபர் 9, திங்கட்கிழமை. தேவைப்பட்டால் ஆயுதத்தைக் கையில் எடுப்போம் என்று தொழிலாளர் ஆயுதப் படையின் தளபதி ஒருவர் பெயரில் மூன்று நாள் முன்பே பத்திரிகையில் மிரட்டல் வந்திருந்தது. அந்த ஆண்டு ஜூனில்தான் பெய்ஜிங்கில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். லைப்சிக்கில் சுமார் 8,000 பேர் கொண்ட போலீசும் படையும் குவிக்கப்பட்டன.

ஆலயத்தில் இடமே இருக்கக்கூடாது என்று கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கானோரை மதியமே அனுப்பி இருக்கைகளை நிரப்பியது அரசு. போதகர் அவர்களை விரட்டவில்லை, வரவேற்றார். மேல்மாடத்தை மட்டும் பூட்டி வைத்து, வேலை முடிந்து வருகிறவர்களுக்காகத் திறந்தார். எதிர்க்க வந்தவர்கள் உட்கார்ந்து பிரார்த்தனையைக் கேட்டார்கள். நகரின் நான்கு தேவாலயங்களில் ஒரே நேரத்தில் பிரார்த்தனை நடந்தது. போலீஸ்காரரும் நம் மக்களே, அவர்கள் மீது கை வைக்காதீர்கள் என்ற கருத்தில் குழுக்கள் ஆயிரக்கணக்கான துண்டுப்பிரசுரங்களை விநியோகித்திருந்தன. இசைக்கலைஞர் குர்ட் மாசூர் உட்பட ஆறு பேர் விடுத்த அமைதி வேண்டுகோள் ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. அந்த ஆறு பேரில் மூவர் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள்!

கதவு திறந்தது. வெளியே கடல் போல மக்கள். சுமார் 70,000 பேர். கையில் மெழுகுவர்த்தி. அதை அணையாமல் காக்க இன்னொரு கை வேண்டும். இரண்டு கையும் மெழுகுவர்த்திக்கே போய்விட்டால் கல்லெடுக்கக் கை ஏது? வன்முறை வேண்டாம் என்பதே அன்றைய முழக்கம். நகரின் வட்டச்சாலை முழுவதும் நடந்தார்கள். ஒரு கடைக் கண்ணாடி உடையவில்லை. ஒரு குண்டும் சுடப்படவில்லை. படை பின்வாங்கியது. சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 9ல், பெர்லின் சுவர் திறந்தது. 1990 அக்டோபர் 3ல் இரு ஜெர்மனியும் ஒன்றாயின.

இதை லூத்தரன் வாலிபர்கள் மட்டுமே சாதித்தார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பித்தவர்கள், தொழிலாளர்கள், மதநம்பிக்கை இல்லாதவர்கள் என்று எல்லோரும் அந்த ஊர்வலத்தில் இருந்தார்கள். மாஸ்கோவில் கோர்பச்சேவ் கொண்டுவந்த மாற்றமும் ஒரு காரணம். ஆனால் அந்த மக்கள் கூடி நிற்க ஓர் இடம், பேச ஒரு மொழி, கோபத்துக்கு ஓர் ஒழுங்கு ஆகிய மூன்றையும் ஏழு ஆண்டுகளாகத் தயார் செய்து வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

வெற்றிக்குப் பின்னும் கசப்பு இருந்தது. ஸ்டாசியின் கோப்புகள் திறக்கப்பட்டபோது, கூடவே உட்கார்ந்து பிரார்த்தித்தவர்களிலும் உளவாளிகள் இருந்தது தெரிந்தது. ஆலைகள் மூடியபோது புகை நின்றது. பலருடைய வேலையும் போயிற்று. எஸ்பன்ஹைனில் சாம்பல் கொட்டிய இடத்தில் 2004ல் சூரிய மின் நிலையம் வந்தது. நிலக்கரிப் பள்ளங்கள் ஏரிகளாயின. குழாய்க்குள் புதைக்கப்பட்ட ப்ளைஸெ ஆற்றின் சில பகுதிகள் மீண்டும் திறக்கப்பட்டு வெளிச்சத்தைப் பார்த்தன.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒன்று: நம் இடத்தின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். மூடிய கதவுக்குள் பேசுவது எதுவானாலும் சந்தேகம் வரும். கதவைத் திறந்து வைத்தவர்களிடம் உளவாளி கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

இரண்டு: தொடர்ச்சி வேண்டும். 70,000 பேர் வந்த நாள் ஒன்றுதான். பத்துப் பேர் வந்த நாட்களோ ஏராளம். அந்த நாட்கள் இல்லையென்றால் இந்த நாள் இல்லை.

மூன்று: கணக்கும் ஆதாரமும் வேண்டும். எத்தனை ஓட்டு, எத்தனை கையெழுத்து, ஆற்றில் என்ன கழிவு என்று எழுதி வைத்தவன் சொல்தான் நிற்கும்.

நான்கு: காற்றும் நீரும் நீதியின் விஷயங்கள். பணக்காரன் வேறு ஊருக்குக் குடி போய்விடுவான்; ஏழைதான் புகைக்கு அடியில் கிடப்பான். தொழில் செய்யும் நம்மவர்கள், தங்கள் பட்டறையின் கழிவு எங்கே போகிறது என்று இன்று இரவே தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஐந்து: கோபம் தவறல்ல. கட்டுப்பாடில்லாத கோபம் எதிரிக்கு நாம் தரும் பரிசு. அன்று லைப்சிக்கில் ஒரே ஒரு கல் பறந்திருந்தால், அந்தக் கல்லுக்காகக் காத்திருந்த துப்பாக்கிகள் பேசியிருக்கும்.

வாலிபர்களே! உங்கள் ஊரில் வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஓர் இடம் என்று முடிவு செய்யுங்கள். பத்துப் பேர் போதும். பெரியவர்களே! அவர்கள் கூடுவதற்குக் கதவைத் திறந்து விடுங்கள். வியாபாரப் பெருமக்களே! அந்த இடத்தின் விளக்குக்கு ஆகும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மீதியை அந்தப் பத்துப் பேர் பார்த்துக்கொள்வார்கள்.